‘ஃபைனலிஸ்ட்’ என்பார்க்குத் தமிழில் பெயர் உண்டா?

சற்று நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் தொடர்க.

விளையாட்டுச் செய்திகளில் வழங்கும் சொற்களுக்கென ஒரு சிறு சொற்பட்டியலை நண்பர்கள் சிலர் சேர்ந்து தொகுத்து வருகிறோம். ஆங்கிலம், இந்தி, மலையாளம், தமிழ் என நான்கு பத்திகள். ‘ஃபைனல்’, ‘செமி ஃபைனல்’, ‘ரன்னர்’ ஆகியவை தடையின்றி நிரம்பின. ‘ஃபைனலிஸ்ட்’ வந்தபோது இந்தி நண்பர் அச்சொல்லையே நாகரி எழுத்தில் எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். மலையாள நண்பரும் அதையே தம் எழுத்தில் எழுதினார். தமிழ்க் கட்டம் மட்டும் மூன்று வாரங்களாக வெறுமையாகக் கிடந்தது. நானும் ‘ஃபைனலிஸ்ட்’ என்றே எழுதியிருக்கலாம். கடன் சொற்களிடம் எனக்குப் பகையில்லை. ஆனால் தமிழில் அவ்விடத்தை ஏதேனும் ஒரு சொல் நிரப்பியிருக்க வேண்டுமே, அது எது என்று தேடப்போய், ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு இந்திய விளையாட்டு வரலாற்றைத் திரும்பப் படிக்கும்படி ஆயிற்று.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடலாம். முடிவு, எல்லை என்னும் பொருளுடைய ‘ஃபீனிஸ்’ என்ற இலத்தீன் சொல்லே வேர். அதிலிருந்து ‘ஃபைனல்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. ‘இஸ்ட்’ என்னும் விகுதி கிரேக்கத்திலிருந்து வந்தது. ஒன்றைச் செய்பவர், ஒன்றைக் கொள்கையாகக் கொண்டவர் என்ற பொருள்களைத் தரும். இரண்டும் சேர்ந்து, இறுதிப் போட்டியில் நிற்பவர் என்னும் பொருளில் வழங்கத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான். இங்கிலாந்தில் விளையாட்டுகள் விதிகளும் சங்கங்களும் கோப்பைகளும் பெற்று, ஒருவரையொருவர் வீழ்த்தி முன்னேறும் சுற்றுமுறை நிலைபெற்ற காலம் அது. சுற்றுகள் இருந்தால்தானே கடைசிச் சுற்று இருக்கும். கடைசிச் சுற்று இருந்தால்தானே அதில் நிற்பவர்க்குப் பெயர் தேவைப்படும்! பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் இறுதியாண்டு மாணவரையும் இதே சொல்லால் குறிப்பர். பிரெஞ்சில் இச்சொல் இன்னொரு திசையில் சென்றது. இறுதியாட்டத்தில் தோற்று இரண்டாமிடம் பெற்றவரைத் தனித்துக் குறிக்கவும் ‘ஃபினாலிஸ்த்’ என்பர். இறுதியை எட்டியவர் என்ற பொருள், இறுதியோடு நின்றுவிட்டவர் என்பதாகச் சுருங்கிவிட்டது.

தமிழில் ‘ஃபைனல்’ என்பதற்கு ‘இறுதி’ நன்றாகவே பொருந்திற்று. பழைய சொல், தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் சொல்லின் கடைசி எழுத்தைச் சுட்ட இலக்கணச் சொல்லாக வழங்குவது. ‘அரையிறுதி’, ‘காலிறுதி’ என்பவை ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்யப்பட்டவை எனினும் இன்று எவர்க்கும் உறுத்துவதில்லை. ஆனால் இச்சொல்லின்மேல் சாவின் நிழலும் உண்டு. இறுதி ஊர்வலம், இறுதிச் சடங்கு, இறுதி மரியாதை. ஆகவே ‘போட்டியாளர்’, ‘பேச்சாளர்’ என்பவற்றைப் போல ‘இறுதியாளர்’ என்று ஆக்கிப் பார்த்தால் சுடுகாட்டு வாடை வீசுகிறது. இப்படி ஒரு சொல்லை நான் முன்மொழிந்தபோது நண்பர் ஒருவர், அவர்க்கு மாலை எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்டார்.

எனவே நம் செய்தித்தாள்கள் தொடரால் காரியம் நடத்துகின்றன. ‘இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றவர்’, ‘இறுதிச் சுற்றுக்கு முன்னேறியவர்’. பொருள் தெளிவானது, வாசகர்க்கு எந்த ஐயமும் எழாது. ஆனால் இலக்கணம் பயின்றவர்க்கு ஒன்று கண்ணில் படும். ‘ஃபைனலிஸ்ட்’ என்பது பெயர்ச்சொல். ‘தகுதி பெற்றவர்’ என்பது வினையாலணையும் பெயர். பெயர்ச்சொல் காலம் காட்டாது; வினையாலணையும் பெயர் காலம் காட்டும். ‘பெற்றவர்’ என்பதில் றகரம் இரட்டித்து இறந்த காலத்தை உணர்த்துகிறது. அதாவது ஆங்கிலம் ஒரு நிலையைச் சொல்கிறது. தமிழ் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. நிலை நீடிக்கும், நிகழ்ச்சி நடந்து முடிந்துவிடும். அடுத்த நிகழ்ச்சி வந்ததும் அது முந்தையதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை ‘தகுதி பெற்றார்’. புதன்கிழமை ‘நழுவவிட்டார்’. வியாழக்கிழமை நாளிதழ் வாசகரிடம் எஞ்சியிருப்பது இரண்டாவது வினைதான்.

இது வெறும் இலக்கண நுணுக்கம் அன்று என்று நான் கருதுவதற்குக் காரணம், நம் நாட்டுத் தடகள வரலாற்றின் பெரும்பகுதி பதக்கம் வென்றவர்களின் வரலாறாக இல்லாமல், இறுதிச் சுற்றில் நின்றவர்களின் வரலாறாக இருப்பதுதான். நமக்கு மிகவும் தேவைப்பட்ட சொல் நம்மிடம் இல்லாதிருந்தது.

1960 ரோம் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 6 அன்று 400 மீட்டர் ஓட்டத்தின் இறுதிச் சுற்று. ஓடியவர் ஆறு பேர். ஓட்டிஸ் டேவிஸும் கார்ல் காஃப்மனும் 44.9 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தனர். தென்னாப்பிரிக்காவின் மால்கம் ஸ்பென்ஸ் 45.5, மில்கா சிங் 45.6, நான்காமிடம். 1952 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவரின் நேரம் 45.9 என்பதைச் சேர்த்துப் பார்த்தால் மில்கா ஓடிய ஓட்டம் எத்தகையது என்பது விளங்கும். 1998இல் பரம்ஜித் சிங் முறியடிக்கும் வரை அதுவே தேசிய சாதனையாக நின்றது.

மூன்று நாள் கழித்து, அதே நகரில், இந்திய ஹாக்கி அணி இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் 0-1 என்று தோற்றது. 1928 முதல் 1956 வரை தொடர்ந்து ஆறு தங்கம் வென்ற அணி, இம்முறை வெள்ளி. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்தால் ‘ஃபைனலிஸ்ட்’ என்னும் சொல் எவ்வளவு வழுக்கலானது என்பது தெரியவரும். ஹாக்கியில் இறுதிக்கு வந்தோர் இரண்டே அணியினர். வந்த அன்றே வெள்ளி உறுதி. ஆயினும் அது நாட்டின் துயரமாகப் பேசப்பட்டது. ஓட்டத்தில் இறுதிக்கு வந்தோர் ஆறு பேர்; அவர்களுள் மூவர் வெறுங்கையோடு திரும்புவது விதி. ஆயினும் பதக்கமில்லாத அந்த ஓட்டமே காவியமாயிற்று. ஒரே சொல், ஒரே வாரம், ஒரே நாடு. பொருள் மட்டும் வெவ்வேறு.

எத்தனை பேர் என்பதும் மாறிக்கொண்டே வந்தது. நான்காண்டு கழித்து டோக்கியோவில் 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் எட்டுப் பேர் நின்றனர். அவர்களுள் ஒருவரான குர்பச்சன் சிங் ரந்தாவா 14.0 நொடியில் ஐந்தாவதாக வந்தார். நீளம் தாண்டுதல், எறிதல் ஆகியவற்றில் பொதுவாகப் பன்னிருவர் இறுதிச் சுற்றுக்கு வருவர். மூன்று முயற்சிகளுக்குப் பின் எண்மர் மட்டும் தொடர்வர். அதாவது இறுதிக்குள்ளேயே இன்னோர் இறுதி. ஒலிம்பிக் பட்டயம் என்பதும் இன்று முதல் எட்டு இடத்தினர்க்கு உரியது. ஏழாம், எட்டாம் இடங்கள் அதில் சேர்ந்தது 1981இல். மறுபுறம், 1956 மெல்போர்ன் கால்பந்தில் இந்தியா ஆடி வென்றது ஒரே ஆட்டம். ஹங்கேரி விலகிக்கொண்டது, ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றோம், நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார், அரையிறுதிக்கு வந்துவிட்டோம். பிறகு யூகோஸ்லாவியாவிடமும் பல்கேரியாவிடமும் தோற்று நான்காமிடம். அந்த நான்காமிடமும் மில்காவின் நான்காமிடமும் எண்ணால் ஒன்று. கடந்துவந்த தொலைவால் ஒன்றல்ல. கால்பந்து அணியினரைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ‘நான்காம் இடம்’ என்ற சொல்லை அளவுகோலாகக் கொள்வதன் குறையைச் சொல்கிறேன்.

1976 மான்ட்ரியலில் 800 மீட்டர் இறுதிச் சுற்று. ராஜஸ்தானின் ஸ்ரீராம் சிங் முதல் 400 மீட்டரை எல்லோர்க்கும் முன்னால் ஓடிக் கடந்தார். இரண்டாம் சுற்றில் பின்தங்கி 1:45.77 என்ற நேரத்தில் ஏழாவதாக முடித்தார். கியூபாவின் அல்பெர்த்தோ ஹுவான்டொரேனா 1:43.50 என்ற உலக சாதனையோடு வென்றார். அந்த வேகத்துக்கு ஸ்ரீராம் சிங்கின் முதல் சுற்று காரணம் என்பதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். ஸ்ரீராம் சிங்கின் நேரம் 2018 வரை, நாற்பத்திரண்டு ஆண்டுகள், தேசிய சாதனையாக இருந்தது. ஆனால் ஏழாமிடம் பெற்றவரைப் பற்றி எழுத நம் செய்தி மொழியில் என்ன வினை இருக்கிறது? ‘பதக்கத்தை நழுவவிட்டார்’ என்று சொல்லவும் இயலாது. பதக்கம் அவர் கைக்கருகே வரவில்லை. நழுவவும் இல்லை, வெல்லவும் இல்லை என்றால் எழுதாமல் விட்டுவிடுவதே வழக்கம். தமிழ் வாசகர்களில் எத்தனை பேர்க்கு அவர் பெயர் தெரியும்?

‘நழுவவிட்டார்’ என்னும் வினைக்கு உரியவர் பி.டி. உஷா. 1984 லாஸ் ஏஞ்சலஸ், பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம். அப்போட்டி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே அவ்வாண்டுதான். அரையிறுதியில் உஷா முதலாவதாக வந்தார். இறுதியில் மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் 54.61, அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20, ருமேனியாவின் கொஜோகாரு 55.41, உஷா 55.42. நூற்றில் ஒரு பங்கு நொடி. நாற்பது ஆண்டுகளாக ஒவ்வோர் ஒலிம்பிக்கின்போதும் இதை எழுதுகிறோம். ஒவ்வொரு முறையும் ‘நூலிழையில் தவறவிட்டார்’ என்றே எழுதுகிறோம். தவறவிட்டது என்ற சொல்லில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே போட்டவரிடம் சொல்லும் சொல் அது. இன்னும் மோசமானது ‘கோட்டைவிட்டார்’. உஷா எதையும் கீழே போடவில்லை. ஒருவர் அவரைவிட முன்னதாக வந்தார், அவ்வளவே. அதே லாஸ் ஏஞ்சலஸில் உஷா, ஷைனி ஆபிரகாம், எம்.டி. வல்சம்மா, வந்தனா ராவ் நால்வரும் 4x400 தொடரோட்டத்தின் இறுதிச் சுற்றிலும் ஓடி ஏழாவதாக வந்தனர். நூலிழை அதில் இல்லாததால் அது நினைவிலும் இல்லை.

இவ்விடத்தில் ஓர் இடைக்குறிப்பு. இச்சொல் தமிழ்நாட்டில் முழு மரியாதையோடு வாழும் இடம் ஒன்று உண்டு. அது தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி. இறுதிச் சுற்றில் பாடியவர் வென்றாலும் தோற்றாலும் அதன்பின் ஊர்த் திருவிழா மேடைகளில் அவர் பெயர்க்கு முன்னால் ‘ஃபைனலிஸ்ட்’ என்னும் அடைமொழி பட்டம்போல நின்றுவிடுகிறது. கச்சேரிக்கு ஆள் சேர்க்க அது போதுமானதாகவும் இருக்கிறது. ஓட்டக்காரர்க்குக் கிட்டாத அடைமொழி!

திரும்புவோம். இதுவரை சொன்னவை யாவும், நமக்குக் காலம் காட்டாத ஒரு பெயர் தேவை என்ற முடிவுக்கே என்னைக் கொண்டுவந்தன. அப்படியொரு விகுதி தமிழில் இருக்கிறது: ‘இனர்’. ஊரினர், அணியினர், குடும்பத்தினர். இவ்விகுதி செயலைச் சொல்வதில்லை, உரிமையைச் சொல்கிறது. ‘இறுதிச் சுற்றினர்’ என்றால் அச்சுற்றுக்கு உரியவர். வென்றாரா, எத்தனையாவது வந்தார் என்ற கேள்விகள் எழுவதற்கு முன்பே அவர்க்கு ஓரிடம் கிடைத்துவிடுகிறது. ஒருவரைக் குறிக்கையிலும் மதிப்புப் பன்மையாக நிற்கும். சுடுகாட்டு வாடையும் ‘சுற்று’ என்னும் சொல்லால் விலகிவிடுகிறது. கட்டத்தில் இதை எழுதிவிட்டுப் பெருமிதத்தோடு இருந்தேன்.

அப்போதுதான் வினேஷ் போகாட் நினைவுக்கு வந்தார்.

2024 ஆகஸ்டு 6, பாரிஸ். பெண்கள் 50 கிலோ மல்யுத்தம். ஒரே நாளில் மூன்று ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில், டோக்கியோவில் தங்கம் வென்ற ஜப்பானின் யுயி சுசாகியை வென்றார். காலிறுதியில் உக்ரைனின் ஒக்சானா லிவாச். அரையிறுதியில் கியூபாவின் யுஸ்நெய்லிஸ் குஸ்மான். ஒலிம்பிக் மல்யுத்த இறுதிக்கு வந்த முதல் இந்தியப் பெண் ஆனார். மறுநாள் காலை எடைச் சோதனையில் 100 கிராம் கூடுதல். விதிப்படி போட்டியிலிருந்தே நீக்கப்பட்டு, தரவரிசையில் கடைசியில் வைக்கப்பட்டார். இறுதியாட்டத்தில் அவர் இடத்தில் அவரிடம் தோற்ற குஸ்மான் நின்றார். வெள்ளியைப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்று வினேஷ் தொடுத்த முறையீட்டை விளையாட்டுக்கான நடுவர் தீர்ப்பாயம் ஆகஸ்டு 14 அன்று தள்ளுபடி செய்தது.

எடை விதி சரியா தவறா என்பதில் நான் இறங்கப்போவதில்லை. எல்லோர்க்கும் பொதுவான விதி அது. என் கவனம் சொல்லின் மீது. மல்யுத்தத்தில் இறுதிக்கு வந்தவரிடம் முன்சுற்றுகளில் தோற்றவர்களுக்கு மறுவாய்ப்பு உண்டு. அதில் வென்று வெண்கலம் பெறலாம். சுசாகியும் லிவாச்சும் வினேஷிடம் தோற்றவர்கள். வினேஷ் இறுதிக்கு வந்ததால்தான் அவர்களுக்கு மறுவாய்ப்பு. அவர் நீக்கப்பட்ட பின்பும் அவ்வாய்ப்பு நீக்கப்படவில்லை. இருவரும் மோதினர், சுசாகி வென்று வெண்கலம் பெற்றார். ஆக, முடிவுப் பட்டியலின்படி வினேஷ் ‘ஃபைனலிஸ்ட்’ அல்லர். ஆனால் ‘ஃபைனலிஸ்டிடம் தோற்றவர்’ என்ற தகுதியில் ஒருவர் பதக்கம் பெற்றிருக்கிறார். பெயரை எடுத்துவிட்டார்கள், அப்பெயரால் விளைந்ததை எடுக்க முடியவில்லை.

பெயர்ச்சொல்லின் இயல்பு இது. நிலையைக் குறிக்கும் சொல்லாதலால், நிலையைத் தருவோர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் கூடும். ‘இறுதிச் சுற்றினர்’ என்ற என் சொல்லும் அப்படித்தான். உரிமையைச் சொல்லும் விகுதி. உரிமை பறிபோனால் சொல்லும் போகும். ஆனால், குறையென்று நான் மூன்று வாரமாக நொந்துகொண்டிருந்த அந்த நாளிதழ்த் தொடர் அசையாமல் நிற்கிறது. வினேஷ் போகாட் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றவர். ஆகஸ்டு 6 இரவு உண்மை. 7 காலையும் உண்மை. 14 அன்று தீர்ப்பு வந்தபின்னும் உண்மை. ‘பெற்ற’ என்பதன் இரட்டித்த றகரத்தின் மீது எத்தீர்ப்பாயத்துக்கும் அதிகாரமில்லை.

தரவரிசை எண்களும் இவ்வாறே ஆட்டம் காண்பவை. 2004 ஏதென்ஸ் நீளம் தாண்டுதல் இறுதியில் அஞ்சு பாபி ஜார்ஜ் 6.83 மீட்டர் தாண்டி ஆறாமிடம் பெற்றார். ஐந்தாமிடத்திலிருந்த மரியன் ஜோன்ஸின் முடிவுகள் ஊக்கமருந்துக் குற்றத்தால் பின்னர் நீக்கப்பட, அஞ்சு ஐந்தாமிடத்தவர் ஆனார். வீட்டிலிருந்தபடியே ஒருவர் ஓரிடம் முன்னேறுகிறார். அவர் தாண்டிய 6.83 மட்டும் அப்படியே இருக்கிறது.

1948 லண்டன் ஒலிம்பிக்கின் ஹென்றி ரெபெல்லோ நினைவுக்கு வருகிறார். மும்முறைத் தாண்டுதல், வயது 19. தகுதிச் சுற்றைக் கடந்து இறுதிக்கு வந்தார். அவர் முறை வந்தபோது வேறொரு பதக்க விழாவுக்காகப் போட்டி நிறுத்தப்பட்டது. காத்திருந்ததில் உடல் குளிர்ந்துபோயிற்று. மறுபடி ஓடிவந்து முதல் தாண்டலிலேயே தொடையின் பின்தசை கிழிந்து விழுந்தார். இறுதிச் சுற்று முடிவுகளில் அவர் பெயர்க்கு எதிரே அளவு எதுவும் இல்லை. ஸ்ரீராம் சிங்குக்கு ‘இறுதிச் சுற்றினர்’ என்ற சொல் நியாயம் செய்கிறது. மில்காவுக்கும் உஷாவுக்கும் செய்கிறது. ரெபெல்லோவுக்கு ‘தகுதி பெற்றவர்’ என்ற சொல்தான் கைகொடுக்கிறது. அவர் செய்து முடித்தது அது ஒன்றே. அதைச் செய்தார் என்பதில் ஐயமில்லை.

ஆகவே தமிழ்க் கட்டத்தில் இரண்டையும் எழுதியிருக்கிறேன். ‘இறுதிச் சுற்றினர், இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றவர்’. இந்தி நண்பர் பார்த்துவிட்டு, ஒரு சொல்லுக்கு எதற்கு இத்தனை நீளம் என்றார். மேலே எழுதியவற்றில் பாதியைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் தேநீர் ஆறிவிட்டது. பிறகு அவரே மடிக்கணினியை வாங்கித் தமிழ்ப் பத்தியின் அகலத்தைக் கூட்டிவைத்தார்.